கை சொல்லாத நான்கு வருடம்

எண்பத்து மூன்று மணி நேரம். மீட்டர் அப்படித்தான் சொன்னது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒரு வேனைத் தானாக ஓட்டுகிற பெட்டியைத் திறந்தேன். நினைவுத் தகட்டுக்கு மின்சாரம் தேக்கித் தரும் ஐந்து கெப்பாசிட்டர்களில் நான்கு வீங்கியிருந்தன. அவற்றின் காலடியில் பச்சை பூத்திருந்தது. தூத்துக்குடி உப்புக் காற்று செம்பைத் தொட்டால் வருகிற பச்சை. மின்சாரம் கசிகிற வேகத்தைக் கணக்குப் போட்டால் திங்கட்கிழமை இரவு எட்டு மணி வரை தாங்கும். அதற்குப் பிறகு பெட்டிக்கு எதுவும் நினைவிருக்காது.

“எவ்வளவு நாளு?” என்றார் தவசிக்கனி அண்ணாச்சி. கடை அவருடையது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே, வண்டிகளின் மின் சாமான்களை மட்டும் பார்க்கிற கடை. நான் இயற்பியல் படித்து முடித்து அங்கே சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

மூன்று விரலைக் காட்டினேன். நான்காவதைப் பாதி மடக்கினேன்.

“வாயத் தொறந்து சொல்லு பிள்ள. டீச்சருக்குக் கேக்கணும்லா.”

“எண்பத்து மூணு மணி நேரம்” என்றேன்.

ஞானப்பூ டீச்சர் கவுண்டரில் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. கஞ்சி போட்ட சேலை. கணக்கு டீச்சராக இருந்து, நான்கு வருடத்துக்கு முன் விருப்ப ஓய்வு வாங்கியவர். உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வெள்ளைக்கரையில்தான் அவர் வீடும். அங்கிருந்து ஒன்பது பிள்ளைகளைத் தினமும் தன் வேனில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து விடுவார். ஏழு கிலோமீட்டர். பஸ் கிடையாது. வேன் வருவதற்கு முன்னால் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவார்கள்.

“டீச்சர், இது பதினோரு வருசமா உங்க கையைப் பாத்துப் பழகின பெட்டி” என்றார் அண்ணாச்சி. “உங்க பாதை அதுக்கு மனப்பாடம். ஸ்டியரிங்ல சும்மா கைய வச்சிருந்தாப் போதும், அதுவே போவும். ஆனா கெப்பாசிட்டர் படுத்துட்டுன்னா அம்புட்டும் அழிஞ்சிரும். செஞ்ச கம்பெனியை மூடி ஆறு வருசம் ஆச்சு. வேற பெட்டிக்கு மாத்தி எழுதவும் முடியாது.”

“அப்ப என்ன செய்ய?”

“ரெண்டு வழி. இந்தப் பிள்ள கரண்ட்டு விட்டுப்போவாம ஒவ்வொரு கெப்பாசிட்டரா மாத்தணும். கை ஒரு தடவை நடுங்குச்சுன்னா பதினோரு வருசமும் போச்சு. இல்லேன்னா இது.” அவர் அலமாரியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தார். “வெளிக் கம்பெனி. ஆனா ஒரிஜினலை விட நல்லாருக்கும். லட்சம் டிரைவரோட பழக்கத்தைச் சேத்து அரைச்சு ஊத்தியிருக்கான். மாட்ட ஒரு மணி நேரம். அதுவும் போக, இதுல கண்ணு உண்டு.”

“கண்ணா?”

“விதி வந்து ரெண்டு வருசம் ஆச்சுல்லா. புதுப் பெட்டி எல்லாத்திலயும் கண்ணு இருக்கணும். ஸ்டியரிங் மேல உக்காந்து டிரைவர் கண்ணையே பாத்துக்கிட்டு இருக்கும். நாலு வினாடி நீங்க ரோட்டைப் பாக்கலேன்னு வைங்க, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திரும். பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறீங்க, நல்லதுல்லா?”

டீச்சர் அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்தார். அதன் ஓரங்களை விரலால் தடவினார். எடை பார்ப்பதுபோல் வைத்திருந்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

“பழசையே பாருங்க அண்ணாச்சி.”

“ஏன் டீச்சர்?”

“அந்த வேன் அவரு வாங்கிக் கொடுத்தது.”

டீச்சரின் கணவர் இறந்து ஏழு வருடம். இறந்தவர் பேச்சு வந்தால் அண்ணாச்சி அதற்கு மேல் வாதாட மாட்டார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பழைய பெட்டியைத் திறந்து வேலை செய்வதற்கு எழுத்தில் ஒப்புதல் வேண்டும். நான் தாளை நீட்டினேன்.

“எங்க போடணும், காட்டும்மா.”

காட்டினேன். அவர் காத்திருந்தார். பிறகு என் விரலைத் தொட்டு, அதன் பக்கத்தில் கையெழுத்திட்டார். அழகான எழுத்து. கோட்டைத் தாண்டி மேலே ஏறிப் போயிருந்தது.

“எதுனாலும் இந்தப் பிள்ளைகிட்ட நாலு தடவை கேளுங்க டீச்சர்” என்றார் அண்ணாச்சி. “அது பெட்டிகிட்ட மட்டும்தான் பேசும். மனுசங்களுக்கு மீட்டர் ரீடிங்தான்.”

டீச்சர் சிரித்தார். “பேசாதவங்கதான் நல்லாப் பாப்பாங்க” என்றார். என் பக்கம் திரும்பித்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக.

*

ஓடும்போது பெட்டி எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. காலையில் அண்ணாச்சி என்னைப் பைக்கில் வெள்ளைக்கரையில் கொண்டுவந்து விட்டார். மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்துக்கொண்டு வேனின் முன்பக்கம் ஏறப் போனேன்.

“அது என் இடம்க்கா” என்றாள் ஒரு பெண். பேச்சியம்மாள். பத்தாம் வகுப்பு. திங்கட்கிழமை அவளுக்குப் பொதுத்தேர்வு தொடங்குகிறது. நான் டீச்சருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

வேன் சத்தமில்லாமல் கிளம்பியது. உப்புப் பாத்திகளில் வானம் கிடந்தது. மேலேயும் கீழேயும் ஒரே நிறம். சாலை நடுவில் மெல்லிய கோடாகப் போனது. உப்பு அம்பாரங்கள் தூரத்தில் மிதப்பதுபோல் இருந்தன. ஒரு பெண் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் நிழலும் தலைகீழாக அதையே செய்துகொண்டிருந்தது. நான் எதன் மேல் போய்க்கொண்டிருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் மறந்து போனேன்.

“இடப்பக்கம் மூணு ஆடு!” என்று கத்தினாள் பேச்சி.

“ஒண்ணு நொண்டி!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“நொண்டி என்ன பண்ணுது?” என்றார் டீச்சர்.

“ரோட்டுக்கு வருது டீச்சர்!”

டீச்சரின் கால் பிரேக்கில் இறங்கியதைத் திரையில் பார்த்தேன். ஆடு நொண்டிக்கொண்டே கடந்தது.

“போயிட்டு டீச்சர்!”

“எதுக்க மீன்காரர் மாமா! வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வாராரு!”

“என்ன வேட்டி?”

“நீலக்கட்டம்!”

“போன வாரமும் அதே கட்டம்தானடா?”

“துவைச்சிருப்பாரு டீச்சர்!”

வேன் முழுக்கச் சிரிப்பு. என் பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். “என்ன விளையாட்டு இது?”

“பாத்தத உடனே சொல்லணும்க்கா. முதல்ல சொன்னா ஒரு மார்க்கு. பாத்துட்டுச் சொல்லாம விட்டா மைனஸ் பத்து.”

“எத்தனை நாளா விளையாடுதீங்க?”

“நான் ஒண்ணாங்கிளாஸ் சேந்ததுலேருந்து.”

அவள் ஐந்தாம் வகுப்பு.

ஒரு இடத்தில் வேன் தானாக மெதுவானது. தடுமாற்றம் இல்லை. ஏதோ இருப்பதுபோல் சீராக வேகம் குறைந்து, பிறகு பழையபடி எடுத்தது. எட்டிப் பார்த்தேன். சாலை சமமாகக் கிடந்தது.

“அங்கன வேகத்தடை இருந்துச்சுக்கா” என்றாள் சின்னவள். “புது ரோடு போட்டப்ப எடுத்துட்டாங்க. இதுக்குத் தெரியாது.”

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் டீச்சர் இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டினார். “பாத்தியாம்மா, அந்தத் தண்ணித்தொட்டி மேல காக்கா உக்காந்திருக்கும். காலைல எப்பவும் உக்காந்திருக்கும்.”

பார்த்தேன். தொட்டி இல்லை. நான்கு தூண்களின் அடிக்கட்டைகள் மட்டும் தண்ணீரில் நின்றன. உடைந்த இடத்தில் கம்பி துருப்பிடித்திருந்தது.

“ஆமா டீச்சர்” என்றாள் பேச்சி. “ரெண்டு காக்கா.”

“ரெண்டு” என்றார்கள் எல்லாப் பிள்ளைகளும்.

பேச்சி திரும்பி என்னைப் பார்த்தாள். முறைக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. பார்த்தாள்.

எனக்கு ஒருவரை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

“ரெண்டு காக்கா” என்றேன் நானும்.

*

மதியம் வேனைக் கடையில் விட்டுவிட்டு, டீச்சரும் பிள்ளைகளும் உப்பு ஏற்றத் திரும்பும் லாரியில் வெள்ளைக்கரைக்குப் போனார்கள். டீச்சர் லாரியில் ஏறும்போது ஒரு கை பேச்சியின் தோளில் இருந்தது. வயதானவர்கள் பிடித்துக்கொள்வது சகஜம்தான். ஐம்பத்திரண்டு ஒரு வயதா என்று பிறகுதான் தோன்றியது.

பெட்டியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, அதன் பதிவுகளைத் திறந்தேன். பதினோரு வருடமும் ஒரு நீளமான கோடாக ஓடியது.

இந்தப் பெட்டிகள் படிக்கும் விதம் எளிது. வண்டி ஒரு மாதிரி போக நினைக்கும். ஓட்டுகிறவரின் கை அதை இலேசாகத் திருத்தும். இன்னும் கொஞ்சம் இடது, இங்கே பள்ளம், இங்கே மெதுவாக. ஒவ்வொரு திருத்தமும் கோட்டில் ஒரு சின்ன முள்ளாக விழும். முதல் ஏழு வருடமும் கோடு முழுக்க முட்கள். டீச்சரின் கை பெட்டியோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏழாம் வருடக் கடைசியில் முட்கள் குறைந்தன. சில இடங்களில் தப்பாகவும் விழுந்திருந்தன. பிறகு நின்றுவிட்டன.

நான்கு வருடமாகக் கை எதையும் சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். பெட்டி தனக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்திருக்கிறது. பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டது நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு டீச்சர்.

இன்னொன்றும் பார்த்தேன். இடது பக்க சென்சார் உப்பில் அரித்துச் செயலிழந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இறங்கிப்போய் வேனின் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பேச்சியின் இடம் அந்தப் பக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை. அம்மாவிடம் வேலை என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு கெப்பாசிட்டராக மாற்றினேன். ஒன்றை எடுக்கும்போது அதன் இடத்தில் வெளி மின்சாரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சோல்டர் உருகும் வரை மூச்சு விடக்கூடாது. நான்காவதில் மீட்டர் ஒருமுறை தாழ்ந்தது. பின் எழுந்தது. மாலை நான்கு மணிக்கு முடித்தேன். புதிய கணக்கில் ஐம்பத்திரண்டாயிரம் மணி நேரம் வந்தது. ஆறு வருடம்.

சோதனைக்காகப் பெட்டியை மேஜைமேலேயே ஓட விட்டேன். சக்கரம் இல்லை, சாலை இல்லை. திரையில் ஒரு புள்ளி வெள்ளைக்கரையிலிருந்து கிளம்பியது. இல்லாத வேகத்தடையில் மெதுவானது. தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்திலும் கொஞ்சம் வேகம் குறைந்தது. அங்கே வளைவில்லை, பள்ளமில்லை. முன்பு எப்போதோ டீச்சர் தினமும் அங்கே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காக்கையைப் பார்த்திருக்கிறார். பெட்டி அதையும் படித்து வைத்திருக்கிறது. புள்ளி பள்ளிக்கூடத்தை அடைந்தது. மறுபடி கிளம்பியது. தூங்குகிற ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைத் திருப்பி மாட்டினால் யாருக்கும் எதுவும் தெரியாது. இடது சென்சாரையும் மாற்றிவிடலாம். அது ஆட்டைச் சொல்லும். லாரியைச் சொல்லும். மழையில் கரை அரித்துச் சாலையில் பாதி போயிருந்தால் சொல்லாது. அதைப் பேச்சிதான் சொல்ல வேண்டும். பேச்சி பரீட்சை முடித்துப் போன பிறகு, சின்னவளுக்கு ஒருநாள் தொண்டை கட்டினால்?

மாட்டாவிட்டால் புதுப் பெட்டியின் கண் டீச்சரை நான்கு வினாடிதான் விட்டுவைக்கும். நாளைக்குப் பேச்சி ஏழு கிலோமீட்டர் நடந்து பரீட்சைக்குப் போவாள். அடுத்த வருடம் யாரும் போகமாட்டார்கள்.

ஐந்து மணிக்கு அண்ணாச்சி டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தார். “பிழைச்சிட்டா?” என்றார் பெட்டியைப் பார்த்து.

தலையாட்டினேன்.

“அப்ப மாட்டிற வேண்டியதுதானே?”

நான் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “அண்ணாச்சி, புதுப் பெட்டி யாரு கண்ணைப் பாக்கும்?”

“யாரு ஓட்டுதாங்களோ அவங்க கண்ணை.”

“வண்டி யாருதுன்னு பாக்காதா?”

“அதுக்கு ஆர்.சி. புக் எல்லாம் படிக்கத் தெரியாது பிள்ள. எதுக்குக் கேக்க?”

“நான் தினமும் காலைல ஒரு மணி நேரம் லேட்டா வரலாமா? சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னாடி போகணும்.”

அண்ணாச்சி பன்னை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்த புள்ளியைப் பார்த்தார். அவர் நாற்பது வருடமாக வண்டி பார்க்கிறவர்.

“மூணு வருசத்துல இதுதான் நீ எங்கிட்ட கேட்ட முதல் விசயம்” என்றார். “முடியாதுன்னா சொல்ல முடியும்? பன்னைத் தின்னு.”

*

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு வேனை நானே ஓட்டிக்கொண்டு போனேன். ஸ்டியரிங் மேல் புதுப் பெட்டியின் சின்னப் பச்சைப் புள்ளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூச்சமாக இருந்தது. யாரும் என்னை இவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்ததில்லை. பாத்திகளில் அன்றைக்கும் வானம் கிடந்தது. ஒருமுறை அதைப் பார்க்கத் திரும்பி, அவசரமாகச் சாலைக்கு வந்தேன்.

வெள்ளைக்கரையில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். பேச்சி ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிடித்திருந்தாள். டீச்சர் வேன் நின்ற இடத்தை நோக்கி நேராக நடந்து வந்தார். ஆறு எட்டு வைத்தார். டிரைவர் கதவைத் திறந்தார். உட்காரக் கை நீட்டினார். கை என் தோளில் பட்டது.

“யாரு?”

“ஜெபசீலி டீச்சர். கடையிலேருந்து.”

“நீயே கொண்டுவந்துட்டியா? நல்லது. இறங்கும்மா, பேச்சிக்குப் பரீட்சை.”

நான் இறங்கவில்லை.

“பழைய பெட்டி என்னாச்சு?” என்றார் டீச்சர்.

“சரியாயிட்டு டீச்சர். இன்னும் ஆறு வருசம் தாங்கும்.”

“எங்க இருக்கு?”

“கடையில. கரண்ட்டு கொடுத்து வச்சிருக்கேன். எதுவும் அழியல.”

அவர் கையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. “நெனச்சேன்” என்றார். “வேகத்தடை இருந்த இடத்துல வண்டி மெதுவாவே ஆகல. இங்க நின்னே கேட்டேன், டயர் சத்தம் ஒரே சீரா வந்துது.”

டீச்சர் மறு கையால் கதவின் விளிம்பைத் தடவினார்.

“அந்தக் கண்ணு இப்ப இருக்கா?”

“இருக்கு டீச்சர். என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கு.” பக்கத்து இருக்கையைத் தட்டினேன். “தினமும் நான் வாரேன். காலைலயும் சாயங்காலமும். நீங்க பக்கத்துல உக்காருங்க. புதுப் பெட்டிக்கு இந்தப் பாதை தெரியாது. எனக்கும் தெரியாது. எங்க பள்ளம், எங்க கரை இளகும், எல்லாம் நீங்கதான் சொல்லணும்.”

“எதுக்கு?”

நான் பேச்சியைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று மெதுவாகத் தலையசைத்தாள். சின்னவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

“எதுக்கு நான் பக்கத்துல உக்காரணும்? காரணத்தைச் சொல்லு.”

பச்சைப் புள்ளி என்னையே பார்த்தது.

“அந்தத் தண்ணித்தொட்டியை இடிச்ச அன்னைக்கு நான் வீட்டுலதான் இருந்தேன்” என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. “மூணு நாளு இடிச்சாங்க. சத்தம் கேக்காமலா இருக்கும்? அதுக்கப்புறம்தான் தினமும் கேக்க ஆரம்பிச்சேன், காக்கா இருக்கான்னு. தொட்டியே இல்லையே டீச்சர்னு எவனாவது ஒருத்தன் சொன்னா அன்னைக்கோட வண்டியை விட்டுறலாம்னு இருந்தேன். எல்லாம் தங்கமான பிள்ளைங்க. ஒருத்தரும் சொல்லல. ஒண்ணுன்னு சொன்னா நான் வருத்தப்படுவேன்னு ரெண்டு காக்கா வேற.”

பேச்சியின் கையில் பிளாஸ்டிக் உறை நெளிந்து சத்தமிட்டது.

“இன்னைக்கு ஒருநாள், இன்னைக்கு ஒருநாள்னு நாலு வருசம் ஓடிப்போச்சு. என் வாயால என்னால சொல்ல முடியல. நீயாவது சொல்லும்மா. சத்தமாச் சொல்லு, பிள்ளைங்களுக்கும் கேக்கணும்.”

காற்றில் உப்பு இருந்தது. உதட்டை நக்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை.

“உங்களுக்குக் கண்ணு தெரியாது டீச்சர்” என்றேன்.